பதுக்கு நினைவகமும் தாய்ப்பலகைப் பொருத்தமும்

1. முன்னுரை

தமிழாராய்ச்சிக்குரிய கருவிகளுள் கணிப்பொறியும் இன்று ஒன்றாகிவிட்டது. ஓலைச்சுவடிகளின் ஒளிப்படங்கள், கல்வெட்டுப் படிகள், பாட வேறுபாட்டு அட்டவணைகள், சொல்லடைவுகள் ஆகியவற்றை ஆராய்ச்சியாளர் அதனுள்ளேயே தொகுத்து வைக்கின்றனர். பல்லாண்டு உழைப்பின் பயன் உள்ளங்கையினும் சிறிய வட்டொன்றினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆதலின், அக்கருவியைப் புதிதாக வாங்குவோர் அதன் அமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

புதுக் கணிப்பொறியின் தாய்ப்பலகையோடு மென்பொருள்கள் சிலவும் உடன்வருதல் உண்டு. தனியே வாங்கத்தக்கனவும் உள. அவற்றுள், முதன்மை நினைவகத்தின் ஒரு பகுதியைக் கொண்டு வட்டின் வேகத்தைப் பெருக்குவனவாகச் சொல்லப்படுவன ஒரு வகை. இவற்றைப் பற்றி இரு வினாக்கள் எழுகின்றன. தாய்ப்பலகைக்கும் இயங்குதளத்துக்கும் இவை பொருந்துமா என்பது ஒன்று. பொருந்தினும் இவற்றால் விளையும் பயன் யாது என்பது மற்றொன்று. இவ்விரண்டனையும் முறையே ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

'கேச்' எனும் சொல், ஒளித்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது. இதனைத் தமிழில் பதுக்கு நினைவகம் என்பாரும், இடைமாற்று நினைவகம் என்பாரும் உளர். பதுக்குதல் என்னுஞ் சொல் மூலச் சொல்லின் பொருளுக்கு நெருங்கியதாயினும், பண்டங்களைப் பதுக்கி வைக்கும் குற்றத்தை நினைவூட்டுதலின் சிலர்க்கு அது உவப்பாயிருப்பதில்லை. இடைமாற்று என்பது செயல்படும் இடத்தைச் சுட்டுகின்றது. எனினும், இதன் உயிரான இயல்பை இரு சொற்களும் உணர்த்தவில்லை. அவ்வியல்பாவது, பதுக்கு நினைவகத்தில் இருப்பது மூலம் அன்று, படியே என்பதாகும். மூலம் பிறிதோரிடத்தில் உள்ளது. அதனை விரைந்து எடுத்தாளும் பொருட்டு அதன் படியொன்று அருகில் வைக்கப்பெறுகின்றது. மூலம், படி என்னும் இவ்வேறுபாடு சுவடிப் பதிப்பில் பழகிய நமக்குப் புதியதன்று. இக்கட்டுரையில் பின்வரும் முடிபுகள் அனைத்தும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டவை. ஈண்டுப் பதுக்கு நினைவகம் என்னும் சொல்லே ஆளப்பெறுகின்றது.

3. வரலாறு

விரைவும் கொள்ளளவும் ஒருங்கே அமைந்த நினைவகம் விலை மிக்கது. ஆதலின் சிறியதாய் விரைவுடைய ஒன்றையும், பெரியதாய் மெதுவான ஒன்றையும் இணைத்து, இரண்டன் நன்மையையும் பெற முயன்றனர் அறிஞர். 1962ஆம் ஆண்டு செயற்பாட்டுக்கு வந்த மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணிப்பொறியில், காந்த உள்ளக நினைவகமும் காந்த உருளையும் ஒரே நினைவகம் போலப் பயனர்க்குத் தோன்றுமாறு அமைக்கப்பெற்றன. வேண்டும் பகுதியை உருளையிலிருந்து உள்ளகத்துக்குக் கொணரும் பணியைப் பொறியே மேற்கொண்டது.

கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் வெளியிட்ட சிறு கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பமாகும். பத்து இலட்சம் சொற்களைக் கொள்ளும் மெதுவான நினைவகத்துக்கு, 32,000 சொற்களைக் கொள்ளும் விரைவான நினைவகம் ஒன்றை ஏவலாகச் சேர்த்தால், முழு அமைப்பும் விரைவான நினைவகத்தின் வேகத்தை நெருங்கி இயங்கும் என்பது அவர் கருத்து. அவர் அதற்கிட்ட பெயர் 'அடிமை நினைவகம்' என்பதாம். 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையின் 85ஆம் மாதிரியில் 16 முதல் 32 கிலோபைட் வரையிலான பதுக்கு நினைவகம் இடம்பெற்றது. 'கேச்' என்னும் பெயர் அப்பொறியைப் பற்றிய கட்டுரைகளால் பரவி நிலைபெற்றது.

1989இல் வெளிவந்த இன்டெல் 80486 செயலியில் இந்நினைவகம் 8 கிலோபைட் அளவில் செயலிச் சில்லின் உள்ளேயே அமைந்தது. 2022இல் வெளிவந்த ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் செயலியில் மூன்றாம் நிலைப் பதுக்கு நினைவகம் மட்டும் 96 மெகாபைட் ஆகும். இது முன்னையதைப்போல் 12,288 மடங்கு பெரியது.

செயலியினுள் அமைந்த இப்பதுக்கு நினைவகத்தில் பயனர் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. அது வன்பொருளின் பகுதி; தானே இயங்குவது. நாம் ஆராயப் புகுந்ததோ, முதன்மை நினைவகத்தில் வட்டின் உள்ளடக்கத்துக்குப் படி எடுத்து வைக்கும் மென்பொருளாகும். இரண்டும் ஒரே கொள்கையால் இயங்குவனவாயினும், நம் விருப்பத்துக்கும் பிழைக்கும் இடந்தருவது பின்னையதே.

4. இயங்கும் நெறி

பதுக்கு நினைவகம் பயன்படுவதற்குக் காரணம் கணிப்பொறி நிரல்களின் ஓர் இயல்பாகும். ஒருமுறை வேண்டப்பட்ட செய்தி மிக விரைவில் மீண்டும் வேண்டப்படும். இது கால அண்மை. ஒரு செய்தி வேண்டப்பட்டால் அதற்கு அடுத்திருப்பதும் வேண்டப்படும். இது இட அண்மை. நூலகத்தில் அமர்ந்து உரை ஒன்றை ஆராய்பவர், அகராதியின் ஒரு தொகுதியை அடிக்கடி நோக்குவாராயின், அதனை ஒவ்வொரு முறையும் நிலைப்பேழைக்குத் திருப்பாமல் மேசையிலேயே வைத்துக்கொள்வார். மேசை சிறியதாதலின், புதிய நூல் வருங்கால் நெடுநேரம் தொடப்படாத நூலைத் திருப்பி வைப்பார். பதுக்கு நினைவகம் செய்வதும் இதுவே.

எதனைத் திருப்பி வைப்பது என்பதே இங்கு அரிய வினாவாகும். இனி மிக நெடுங்காலம் கழித்தே தேவைப்படும் நூலைத் திருப்புவது சிறந்தது என்பது 1966இல் பெலாடி காட்டிய உண்மை. ஆயினும் வருவதை முன்னறிதல் இயலாமையின், நடைமுறையில் எல்லாக் கருவிகளும் கடந்ததைக் கொண்டே வருவதை உய்த்துணர்கின்றன. ஒரு நிரல் ஒரு காலப்பகுதியில் திரும்பத் திரும்ப நாடும் பகுதிகளின் தொகுதியைப் 'பணித்தொகுதி' எனக் கொண்டு 1968இல் பீட்டர் டென்னிங் விளக்கினார். பணித்தொகுதி மேசையில் அடங்கினால் வேகம் மிகும். அடங்காதாயின், எடுப்பதும் வைப்பதுமாகவே காலம் கழியும். மேசையின் அளவை ஓரெல்லைக்கு மேல் பெருக்குவதாலும் பயன் மிகாது என்பது இதனால் பெறப்படும்.

இனி, கிடைக்கும் பயனைக் கணக்கிட்டு அறிதல் கூடும். முதன்மை நினைவகத்தில் ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 0.1 மைக்ரோ நொடி ஆகின்றது. சுழலும் வன்தட்டில் அதற்கு ஏறத்தாழ 10,000 மைக்ரோ நொடி ஆகும். இன்றைய என்.வி.எம்.இ. வகைத் திண்மநிலை வட்டிலோ ஏறத்தாழ 80 மைக்ரோ நொடியே ஆகின்றது. நூறு வேண்டுகோளுள் தொண்ணூறு பதுக்கு நினைவகத்திலேயே நிறைவேறுகின்றன எனக் கொள்வோம். வன்தட்டில் சராசரி நேரம் 10,000 மைக்ரோ நொடியிலிருந்து ஏறத்தாழ 1,000 ஆகக் குறையும். திண்மநிலை வட்டில் 80 மைக்ரோ நொடியிலிருந்து ஏறத்தாழ 8 ஆகக் குறையும். இரண்டும் பத்து மடங்குப் பெருக்கமே. ஆனால் ஆயிரம் வேண்டுகோளில் மிஞ்சும் நேரத்தை நோக்கின் வேறுபாடு புலப்படும். வன்தட்டில் மிஞ்சுவது 9 நொடி. திண்மநிலை வட்டில் மிஞ்சுவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முன்னையது மனிதன் உணரத்தக்கது, பின்னையது உணரவியலாதது. வட்டு விரைவடையுந்தோறும் பதுக்கு மென்பொருளின் தேவை அருகுகின்றது என்பது இக்கணக்கின் முடிபு.

5. இயங்குதளத்தின் பங்கு

மேற்கூறிய கணக்கும் ஒரு வகையில் மிகைப்பட்டதே. எந்தப் பதுக்கும் இல்லாத நிலையோடு அது ஒப்பிடுகின்றது. அத்தகைய நிலை இன்றைய கணிப்பொறியில் இல்லை. விண்டோசாயினும் லினக்சாயினும், வேறு வேலையின்றி இருக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்புகளின் படிகளை வைத்துக்கொள்ளத் தானே பயன்படுத்துகின்றது. 2007இல் பொதுவிற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, அடிக்கடி திறக்கப்பெறும் நிரல்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றும் சூப்பர்ஃபெட்ச் என்னும் பணியையும் உடன்கொண்டு வந்தது. பின்னர்ப் பெயர் மாறினும் அப்பணி தொடர்கின்றது. நிரல் ஒன்றை முதன்முறை திறத்தலினும் மறுமுறை திறத்தல் விரைவாய் நிகழ்வதை யாரும் காணலாம். அதற்குக் காரணம் இதுவே.

16 கிகாபைட் நினைவகமுள்ள பொறியில், தனி மென்பொருள் ஒன்று 8 கிகாபைட்டைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளுமாயின், இயங்குதளத்துக்கு எஞ்சுவது பாதியே. மேலும், இயங்குதளம் கோப்பு எனக் காண்பதை அம்மென்பொருள் வட்டின் கட்டங்களாகக் காண்கின்றது. அதனால் ஒரே செய்தி இரண்டிடத்தும் இருபடியாய் நின்று நினைவகத்தை வீணாக்குதலும் உண்டு. ஒரு மேசையைக் குறுக்கே தடுத்து இருவர்க்குப் பகிர்ந்தளித்து, இருவரும் ஒரே நூலின் படியை வைத்துக்கொள்வது போன்றதாகும் இது.

அங்ஙனமாயின், வேகம் பன்மடங்கு உயர்ந்தது எனக் காட்டும் அளவீடுகள் பொய்யோ எனின், பொய்யல்ல. அவை வேறொன்றை அளக்கின்றன. வட்டின் வேகத்தை அளக்கும் நிரல்கள் பல, இயங்குதளத்தின் படிகள் குறுக்கிடாதவாறு அவற்றைத் தவிர்த்து, வட்டையே நேராக அணுகுமாறு அமைக்கப்பெற்றவை. பதுக்கு மென்பொருளோ இயங்குதளத்தின் கோப்பமைப்புக்குக் கீழே, வட்டுக்கு மேலே நிற்கின்றது. அளவீட்டு நிரலின் வேண்டுகோள் முதற்படியைத் தவிர்த்துச் சென்று இரண்டாம் படியில் அகப்படுகின்றது. ஆகவே திரையில் தோன்றும் எண் வட்டின் வேகமன்று, நினைவகத்தின் வேகமே. நாள்தோறும் கோப்புகளைத் திறந்து பணிபுரிவார்க்கோ அவ்வேகத்தின் பெரும்பகுதியை இயங்குதளம் முன்னரே அளித்துவிட்டது.

6. உடனெழுத்தும் பின்னெழுத்தும்

இதுகாறும் கூறியவை படித்தல் பற்றியன. படித்தலில் பதுக்கு நினைவகத்தால் கேடு விளைவதில்லை. மின்சாரம் நின்று படி அழியினும் மூலம் வட்டில் உள்ளது. எழுதுதலிலோ நிலைமை வேறு. எழுதும் முறை இரண்டு. எழுதப்பெற்றதைப் படியிலும் மூலத்திலும் ஒருங்கே பதிவது ஒன்று. இதனை உடனெழுத்து முறை எனலாம். படியில் மட்டும் எழுதிவிட்டு, எழுதியாயிற்று என விடை கூறி, மூலத்தில் பின்னர்ப் பதிவது மற்றொன்று. இதனைப் பின்னெழுத்து முறை எனலாம். பின்னெழுத்தில் வேகம் மிகுதி. ஆயினும், எழுதிய கணத்துக்கும் வட்டில் பதியும் கணத்துக்கும் இடையே உள்ள காலத்தில், படியே புதியது, மூலம் பழையது. திருத்திய பாடம் ஒரே ஒரு கைப்படியில் மட்டும் இருந்து, அது தீக்கிரையானால் யாது நேரும் என்பதைப் பதிப்பாசிரியர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இது வெறும் அச்சமன்று. 1993இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் 6.0 பதிப்பின் ஸ்மார்ட்டிரைவ் என்னும் பதுக்கு மென்பொருள் பின்னெழுத்து முறையைக் கையாண்டது. பணி முடிந்து திரையில் அடுத்த ஆணைக்குரிய குறி தோன்றியவுடன் பொறியை அணைத்தவர், எழுத்து இன்னும் வட்டில் பதியாமையால் கோப்புகளை இழக்க நேர்ந்தது. அதே ஆண்டில் வந்த 6.2 பதிப்பில், வட்டில் பதிந்து முடிந்த பின்னரே குறி தோன்றுமாறு இயல்பான அமைப்பு மாற்றப்பட்டது.

இயங்குதளமும் சிறிது காலம் தாழ்த்தே எழுதுகின்றதன்றோ எனின், உண்மையே. லினக்சில் வழக்கமாக 30 நொடி வரை தாழ்த்தல் உண்டு. ஆயினும் வேறுபாடு ஒன்று உளது. தரவுத்தளம் போன்ற நிரல்கள் இன்றியமையாத இடங்களில் இப்பொழுதே வட்டில் பதிக எனக் கேட்கும். இயங்குதளம் அதற்கு இணங்கும். கோப்பமைப்பும், எது முன் எழுதப்பெற வேண்டும், எது பின் என்னும் வரிசையைப் பேணியே தன்னைக் காத்துக்கொள்கின்றது. பின்னெழுத்து முறையில் இயங்கும் தனி மென்பொருள் அவ்வேண்டுகோளைத் தானே ஏற்று விடையளித்துவிடுமாயின், அவ்வரிசை குலையும். அந்நிலையில் மின்தடை நேரின் அழிவது இறுதி நொடிகளில் தட்டச்சு செய்த சில வரிகள் மட்டும் அல்ல. கோப்புகள் எங்கெங்கே உள்ளன எனக் குறித்துவைத்த அடைவே சிதையக்கூடும். தடையிலா மின்வழங்கி மின்தடையினின்று காக்கும். இயங்குதளமே திடீரென நின்றுவிடும்பொழுது அதுவும் காவாது.

கருதத்தக்கது பிறிதொன்றும் உண்டு. பின்னெழுத்தில் செய்தி நெடிது தங்குமிடம் நினைவகமாதலின், நினைவகம் பிழையுடையதாயின் பிழையான எழுத்தே வட்டில் சென்று பதியும். தயாரிப்பாளர் உறுதி கூறிய வேகத்துக்கு மேல் நினைவகத்தை இயக்குவோர் இதனை உளங்கொள்ளல் வேண்டும்.

7. பொருத்தத்தின் படிநிலைகள்

இனி முதல் வினாவாகிய பொருத்தத்தை நோக்குவோம். மென்பொருள் தாய்ப்பலகைக்குப் பொருந்துமா என ஒரே சொல்லால் வினவுகின்றோம். உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த நான்கு உடன்பாடுகளின் தொகுதியாகும். அவற்றுள் ஒன்று தவறினும் ஏனையவை பயன்படா.

முதலாவது, செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் உள்ள உடன்பாடு. பொருத்துவாய் ஒன்றாயிருத்தல் மட்டும் போதாது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்துவாயில் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசைச் செயலிகளும் அமைந்தன. எனினும், பழைய பலகைகளில் நிலைபொருளைப் புதுப்பித்த பின்னரே அவை இயங்கின. நிலைபொருள் என்பது தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பெற்று, பொறி எழுந்தவுடன் முதற்கண் இயங்கும் நிரலாகும்.

இரண்டாவது, நினைவகத்துக்கும் தாய்ப்பலகைக்கும் உள்ள உடன்பாடு. டி.டி.ஆர்.4 வகை நினைவகம் டி.டி.ஆர்.5 பலகையில் நுழையாது. வெட்டுவாயின் இடமே வேறு. 2021இல் வந்த இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 பொருத்துவாய்ப் பலகைகளுள் சில டி.டி.ஆர்.4க்கும், சில டி.டி.ஆர்.5க்கும் உரியவை. ஏ.எம்.5 பலகைகளோ டி.டி.ஆர்.5 ஒன்றற்கே உரியவை. வகை ஒன்றாயினும், குறிப்பிட்ட நினைவகத் துண்டு குறிப்பிட்ட பலகையில் சோதிக்கப்பெற்றதா என்பதைப் பலகையாளர் வெளியிடும் பட்டியலில் நோக்குதல் நலம்.

மூன்றாவது, நிலைபொருளுக்கும் இயங்குதளத்துக்கும் உள்ள உடன்பாடு. 1981இன் ஐ.பி.எம். கணிப்பொறியோடு வந்த பயாஸ் மரபில், வட்டின் பகுப்பு அட்டவணை 32 பிட்டு எண்களால் அமைந்தது. ஒரு கூறு 512 பைட் எனக் கொள்ளின், அவ்வட்டவணை ஏறத்தாழ 2.2 டெராபைட் வரையுமே எண்ணவல்லது. அதற்கு மேற்பட்ட பகுதி வட்டில் இருந்தும் இல்லாததே. யூ.இ.எஃப்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் மரபும், அதனோடு வந்த ஜி.பி.டி. அட்டவணையும் இவ்வெல்லையைக் கடந்தன. 2021இல் வந்த விண்டோஸ் 11 தன் தேவைகளுள் யூ.இ.எஃப்.ஐ. மரபையும், டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லையும் சேர்த்துக் கூறிற்று. விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தமையின், புதுப்பொறி வாங்குவார்க்கு இவ்வுடன்பாடு இன்றியமையாததாயிற்று.

நான்காவது, இயங்குதளத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள உடன்பாடு. பதுக்கு மென்பொருள் ஏனைய நிரல்களைப் போன்றதன்று. இயங்குதளத்தின் கருவறையினுள் இயக்கியாகப் புகுந்து, வட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு வேண்டுகோளையும் இடைமறிப்பது. கருவறையில் நிகழும் பிழை முழுப்பொறியையும் நிறுத்தவல்லது. இதனாலேயே 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பு முதல், புதிய இயக்கிகள் மைக்ரோசாஃப்டின் ஒப்பம் பெற்றிருத்தல் வேண்டும் என்னும் விதி செயற்பட்டது. கருவறையைக் காக்கும் நினைவக ஒருமைப்பாட்டுக் காப்பு இயங்கும் பொறியில் பழைய இயக்கிகள் சில ஏற்றப்படுவதில்லை. ஒரு கருவியின் பொருட்டு அக்காப்பையே நீக்கிவிடுதல், பெட்டியில் இடம் வேண்டிப் பூட்டைக் கழற்றுவது போன்றதாகும்.

இவ்விடத்துத் தமிழ்த்துறையினர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 64 பிட்டு விண்டோசில் 16 பிட்டு நிரல்கள் இயங்கா. விண்டோஸ் 11க்கு 32 பிட்டுப் பதிப்பே இல்லை. ஆதலின், பழைய 16 பிட்டுத் தமிழ்த் தட்டச்சு நிரல்களில் உருவாக்கிய கோப்புகளை உடையோர், பழைய பொறி இயங்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

8. பலகையோடு பிணைந்த கருவிகள்

நான்கு உடன்பாடுகளும் இன்று நிறைவேறினும், அவை நாளையும் நிறைவேறும் என்பதற்கு உறுதியில்லை. இதற்குச் சான்றாவன, குறிப்பிட்ட சில்லுத்தொகுதியோடு பிணைந்து வந்த கருவிகளின் வரலாறாகும். இவை நினைவகத்தைவிட விரைவு குறைந்த திண்மநிலை வட்டையே பெரும்பாலும் பதுக்கிடமாகக் கொண்டவை; கொள்கை ஒன்றே.

2011இல் இன்டெல் நிறுவனம் இசட்68 சில்லுத்தொகுதியோடு ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்னும் ஏற்பாட்டை வெளியிட்டது. சிறிய திண்மநிலை வட்டின் 64 கிகாபைட் வரையிலான பகுதி, பெரிய வன்தட்டுக்குப் பதுக்கிடமாயிற்று. அதில் உடனெழுத்து, பின்னெழுத்து ஆகிய இரு முறைகளும் தெரிவுக்கு விடப்பட்டன. 2017இல் அந்நிறுவனமே 16, 32 கிகாபைட் அளவுகளில் ஆப்டேன் நினைவகத்தை வெளியிட்டது. அது ஏழாம் தலைமுறைச் செயலியையும் 200 வரிசைச் சில்லுத்தொகுதியையும் வேண்டி நின்றது. பழைய பலகைகள் விலக்கப்பட்டன. 2022இல் ஆப்டேன் தொழிலையே முடித்துக்கொள்வதாக அந்நிறுவனம் அறிவித்தது.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஸ்டோர்எம்.ஐ. வரலாறு இன்னும் தெளிவானது. 2018இல் 400 வரிசைப் பலகைகளோடு வந்த அதன் முதல் வடிவம், படி எடுத்து வைக்கும் முறையன்று. அடிக்கடி வேண்டப்படும் பகுதிகளை விரைவான வட்டுக்கு இடம்பெயர்க்கும் முறையாகும். எனவே மூலமே இரு வட்டுகளிலும் பகுந்து கிடந்தது. பிணைப்பை முறைப்படி நீக்காமல் ஒரு வட்டை மட்டும் வேறு பொறிக்குக் கொண்டுசெல்லின், ஒரு நூலின் ஓலைகளைப் பாதியாகப் பிரித்தெடுத்துச் சென்றது போலாகும். 2020இல் அவ்வடிவம் நிறுத்தப்பட்டு, படித்தலுக்கு மட்டும் படி எடுக்கும் புதிய வடிவம் அதன் இடத்தில் வந்தது. இதில் மூலம் எப்பொழுதும் பெரிய வட்டில் முழுமையாக உள்ளது. மூலமும் படியும் வேறாக நிற்பதே காப்புக்கு ஏற்றது என்பதை இம்மாற்றம் நன்கு விளக்குகின்றது.

பலகையோடு பிணையாத வழியும் உண்டு. 2013இல் லினக்ஸ் கருவறையில் சேர்க்கப்பெற்ற டி.எம்.கேச், பி.கேச் ஆகியன எந்தப் பலகையையும் சில்லுத்தொகுதியையும் சார்ந்தன அல்ல. பலகை பழுதுற்றால் வட்டுகளை மற்றொரு பொறிக்கு மாற்றித் தொடர்தல் கூடும்.

9. எங்கே பயன்படும்?

இவற்றால் பதுக்கு மென்பொருள் முற்றும் பயனற்றது எனக் கொள்ளற்க. சுவடி ஒளிப்படங்கள் பல ஆயிரம் சுழலும் வன்தட்டில் இருந்து, அவற்றுட் சிலவற்றையே நாள்தோறும் மீண்டும் மீண்டும் ஒப்புநோக்குவார்க்கு, திண்மநிலை வட்டொன்றைப் படித்தற் பதுக்கிடமாக அமைத்தல் நற்பயன் தரும். பொறியை அணைத்து எழுப்பினும் அப்படிகள் நிலைத்திருக்கும். முதன்மை நினைவகமோ ஒவ்வொரு முறையும் வெறுமையாகத் தொடங்குவது.

புதுப்பொறி அமைப்போர் பின்வரும் வரிசையை மேற்கொள்ளுதல் தக்கது. முதற்கண், இயங்குதளத்தையும் நிரல்களையும் திண்மநிலை வட்டில் அமைத்தல் வேண்டும். பதுக்கு மென்பொருள் தருவதாகச் சொல்லப்படும் பயனின் பெரும்பகுதி இதனாலேயே கிட்டும். அடுத்து, நினைவகம் போதாதாயின் நினைவகத்தையே மிகுத்தல் வேண்டும். மிகுந்ததை இயங்குதளம் தானே பதுக்கிடமாக்கிக்கொள்ளும். பின்னர், நினைவகத்தைச் சோதனை நிரலால் ஓர் இரவு முழுதும் ஆராய்ந்து பிழையின்மை தெளிதல் வேண்டும். இவையனைத்தும் செய்த பின்னரும் தனிக்கருவி தேவையெனத் தோன்றின், படித்தற் பதுக்கை மட்டும் ஏற்று, பின்னெழுத்தை நீக்கிவைத்தல் வேண்டும். பலகையையோ வட்டையோ மாற்றுமுன் பிணைப்பை முறைப்படி நீக்குதலும், எந்நிலையிலும் தனியிடத்தில் காப்புப்படி வைத்திருத்தலும் மறக்கத்தகாதன.

10. முடிவுரை

பதுக்கு நினைவகம் மெதுவான வட்டின் காலத்தில் தோன்றிய அரிய கொள்கை என்பதும், அக்கொள்கை இன்று செயலியினுள்ளும் இயங்குதளத்தினுள்ளும் முன்னரே நிறைந்துள்ளது என்பதும், அதன்மேல் சேர்க்கப்பெறும் தனி மென்பொருள் புதுப்பொறியில் மிகுவிப்பது சிறிதே என்பதும் மேற்கூறியவற்றால் போதரும். அச்சிறு பயனுக்கு ஈடாக அது கேட்பன இரண்டு: எழுதிய எழுத்தை மூலத்தில் பதியாமல் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருக்கும் உரிமை ஒன்று, நம் வட்டைத் தன்னோடும், சிலபோது ஒரு தாய்ப்பலகையோடும் பிணைக்கும் உரிமை மற்றொன்று. விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் பொறியை ஆள்வோர் இவ்விலையைக் கொடுக்கலாம். மறுமுறை எழுதவியலாத பாடக் குறிப்புகளை அதில் வைத்திருப்போர் கொடுத்தல் தகாது. சிதைந்த ஓலையின் ஓர் எழுத்தை ஒரு நாள் முழுதும் நோக்கித் தெளிந்து குறித்தவர், அக்குறிப்பு வட்டில் பதிந்தது என்னும் உறுதி பெற ஒரு கணம் காத்திருத்தல் பெரிய இழப்பாகாது.